மாலை நான்கு மணிப் பசிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மருந்தாகுமா?

வைகைக்கரை:
பசிக்காமல் தின்னும் பழக்கத்தைப் பற்றிய இழையில் சேது ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மாலை நான்கு மணிக்கு வருவது பசியே அல்ல, தாகத்தைத்தான் நாம் பசி என்று எண்ணிக்கொள்கிறோம், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்தால் ஆசை அடங்கிவிடும், அதன்பிறகும் தின்கிறவர்களுக்கு நாக்கின்மேல் கட்டுப்பாடு இல்லை என்றுதான் பொருள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரிக்காகவே இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியில் விளக்கைப் போடாமல் முறுக்கு டின்னின் மூடியைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் திறந்துகொண்டிருந்தேன். மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அந்தப் பக்கத்தை முதலில் தூக்கினால் சத்தம் வரும் என்பது இருட்டிலும் என் விரல்களுக்குத் தெரியும். கடித்தால் கேட்டுவிடுமோ என்று முறுக்கை வாயிலேயே ஊறவைத்து மென்றிருக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐயா சொல்லும் தண்ணீர் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். ஒரு டம்ளர் என்ன, ஒரு செம்பே குடித்தேன். தண்ணீரும் இறங்கியது, அதன் பின்னாலேயே முறுக்கும் இறங்கியது. மிஞ்சியது, என்னால் இதுகூட முடியவில்லையே என்ற அவமானம் மட்டும்தான்.

சேது_விருதுநகர்:
அம்மா, தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை, வாழ்ந்ததை எழுதினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். பள்ளி விட்டதும் கடைத்தெருவில் பக்கோடாவும் காராச்சேவும் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடப்பேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் அதை நிறுத்தி, நான்கு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். 84 கிலோவாக இருந்தவன் இன்று 71 கிலோ. ஒரு டம்ளர் தண்ணீர், இருபது நிமிடம், அவ்வளவுதான். இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் சாப்பாட்டுக்கு முன்பு தண்ணீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடை குறைந்தார்கள். செய்ய மனமில்லாதவர்களுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும்.

வைகைக்கரை:
அந்த ஆய்வை முழுவதும் சொல்லியிருக்கலாமே, ஐயா. அதில் கலந்துகொண்டவர்கள் 55 முதல் 75 வயது வரையிலானவர்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு அவர்கள் குடித்தது அரை லிட்டர். அதோடு இரு தரப்பாருக்குமே சாப்பாட்டின் அளவைக் குறைத்திருந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பலன் ஏறத்தாழ இரண்டு கிலோ. மாலைநேர ஆசையை அந்த ஆய்வு தொடவே இல்லை. தங்கள் வீட்டு டம்ளர் அரை லிட்டர் பிடிக்குமா?

நெல்லைச்சீமை:
டம்ளரின் அளவா இப்போது முக்கியம்? பெரியவர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இந்தக் குழுவில் எப்போதோ போய்விட்டது. சென்ற பொங்கலின்போது சிறுதானிய இழையில் வரகைப் பற்றி நான் எழுதியதையும் இதே வைகைக்கரை அம்மையார்தான் இப்படி வரிவரியாகப் பிய்த்துப் போட்டார்.

வைகைக்கரை:
வரகரிசிச் சோற்றை எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாது என்று எழுதினீர்கள். அது தவறு என்று சொன்னேன், இன்றும் சொல்வேன். அந்தப் பேச்சை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

பொன்னி_திருச்சி:
இருவரும் கோபிக்க வேண்டாம், எனக்கு ஒரு கவலை இருக்கிறது. என் கணவர் ஒன்பது ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறார். மாலையில் அவர் திடீரென்று பசிக்கிறது என்றால், கை நடுங்கி, நெற்றி வேர்த்திருந்தால், நான் முதலில் சர்க்கரை அளவைப் பார்ப்பேன். எழுபதுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரைக் கொடுத்து இருபது நிமிடம் காத்திருந்தால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். சர்க்கரை நோய் இருப்பது தெரியாமலேயே ஓயாத பசியும் ஓயாத தாகமுமாக அலைகிறவர்களும் உண்டு. அவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே டம்ளரை நீட்டாதீர்கள்.

சேது_விருதுநகர்:
நோயாளிகளைப் பற்றி நான் பேசவே இல்லை. நல்ல உடம்போடு இருப்பவர்களைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தண்ணீர் குடித்து யாராவது கெட்டுப்போனதுண்டா? மேலும் என் டம்ளர் சிறியதன்று. என் தந்தையார் காலத்துப் பித்தளை டம்ளர், நன்றாகவே பிடிக்கும்.

கரவெட்டியான்:
யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நான்கு மணிக்குத் தேத்தண்ணியும் கையில் ஒரு வடையும் இல்லாமல் பொழுது நகர்ந்ததில்லை. என் அப்பா அப்படித்தான் எண்பத்தேழு வயது வரை இருந்தார். அதைப் பசியில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

சேது_விருதுநகர்:
ஒரு வடையோடு எழுந்தவரைப் பற்றியா நாம் பேசுகிறோம்? தலைப்பை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

வைகைக்கரை:
கரவெட்டியான் சொல்வதில் பொருள் இருக்கிறது. கிரெலின் என்றொரு சுரப்பை 1999இல் ஜப்பானியர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, சாப்பிடு என்று மூளைக்குச் சொல்வது அது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளைக்குச் சற்று முன்பே அது இரத்தத்தில் ஏறிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் நான்கு மணிக்குத் தின்று பழகிய உடம்பு நான்கு மணிக்குக் கேட்கத்தான் செய்யும். அதைத் தாகம் என்று பெயர் மாற்றுவதால் எதுவும் தீர்ந்துவிடாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எடை குறைய வேண்டும் என்று காலையில் காப்பியோடு நிறுத்தினேன். மதியம் வாடிக்கையாளர் கூட்டத்தில் இரண்டு கரண்டி தயிர்சாதம். மாலை வரை கட்டுப்பாட்டோடு இருக்கிறேன் என்ற பெருமை வேறு. இரவு பத்தரைக்கு அந்தப் பெருமையெல்லாம் டின்னின் முன்னால் நிற்கும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்துடனேயே, ஆறு மாதம் அரைப்பட்டினியாக வைத்து ஆராய்ந்தார்கள். நல்ல உடல்நலத்தோடு வந்த அந்த இளைஞர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். அதுவரை அடுப்படிப் பக்கமே போகாதவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். அவர்களுக்கெல்லாம் நாக்கில் கட்டுப்பாடு இல்லையா? உறக்கமும் இப்படித்தான். 2004இல் வெளிவந்த சிகாகோ ஆய்வில், பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டபோது கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. அப்போது என் மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. நான் படுக்க ஒரு மணி ஆகும், ஐந்துக்கு எழுந்துவிடுவேன்.

மதியம் ஒரு முட்டையும் கொஞ்சம் சுண்டலும் சேர்த்து வயிறாரச் சாப்பிடத் தொடங்கினேன். நான்கரை மணிக்கு ஒளிக்காமல், தட்டில் வைத்து, உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டேன். முறுக்கு டின்னைக் கூடத்து அலமாரியின் மேல்தட்டுக்கு, நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்துக்கு மாற்றினேன். இருட்டில் நாற்காலியை இழுக்க வேண்டுமென்றால் கை ஒரு கணம் நின்றுவிடும். மூன்று மாதத்தில் இரவு எழுவது வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நெல்லைச்சீமை:
டின்னை உயரத்தில் வைத்தால் ஆராய்ச்சி, தண்ணீர் குடித்தால் மூடநம்பிக்கை. நல்ல நியாயம்.

சேது_விருதுநகர்:
இவ்வளவு நீளமாக எழுதியதில் ஓர் இடத்திலாவது தண்ணீர் பயன்படாது என்பதற்குச் சான்று உண்டா? நான் கேட்டது அது ஒன்றுதான். ஒரு டம்ளர், இருபது நிமிடம். பதினோரு ஆண்டுகள்.

வைகைக்கரை:
உண்டு. 1999இல் அமெரிக்காவில் 24 பெண்களுக்கு மதிய உணவுக்கு முன்பு ஒருநாள் கோழியும் சோறும் காய்களும் சேர்த்துச் சமைத்ததைக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதையே ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுத்தார்கள். மற்றொரு நாள் அதே அளவு தண்ணீரை அதிலேயே ஊற்றிச் சூப்பாக்கிக் கொடுத்தார்கள். சூப் குடித்த நாளில் மதிய உணவு குறைந்தது. தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் குறையவில்லை. தனியே குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காமல் விரைவாக இறங்கிவிடுகிறது. ஆகவே நான்கு மணிக்கு ஏதாவது குடித்தே ஆகவேண்டும் என்றால், பருப்பும் காயும் போட்ட சூப்பைக் குடிக்கச் சொல்லுங்கள்.

பொன்னி_திருச்சி:
அந்தச் சூப்பில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரத்த அழுத்தமும் இருக்கிறது.

சேது_விருதுநகர்:
இருபத்துநான்கு அமெரிக்கப் பெண்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை வைத்து விருதுநகரில் நான் கண்டது பொய் என்கிறீர்கள். பக்கோடாவை விட்டதே தண்ணீரால்தான்.

வைகைக்கரை:
பக்கோடாவை விட்டதால் எடை குறைந்தது, ஐயா. நூறு கிராம் பக்கோடாவில் முந்நூறு கலோரிக்குக் குறையாது. தண்ணீரின் இடத்தில் வேறு எதை வைத்திருந்தாலும் தாங்கள் விட்டிருப்பீர்கள். அந்த உறுதி தங்களுடையது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்தவருக்கு அது வரவில்லை என்றால் நாக்கைப் பழிக்காதீர்கள். அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள் என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன்.

சேது_விருதுநகர்:
எழுதியதை மாற்றும் வழக்கம் எனக்கில்லை. தண்ணீர்தான் காரணம். டம்ளரின் அளவைக் கேட்டீர்கள் அல்லவா? பேரனின் பால் புட்டியில் கோடு போட்டிருக்கிறது. அதில் ஊற்றி அளந்து பார்த்தேன். 280 மில்லி.

வைகைக்கரை:
அரை லிட்டருக்கு இன்னும் 220 மில்லி குறைகிறது.

சேது_விருதுநகர்:
டம்ளரின் விளிம்பு வரை ஊற்றவில்லை. நாளை விளிம்பு வரை ஊற்றி அளந்து எழுதுகிறேன்.