ஆத்துலயும் ஏரியிலயும் தண்ணி டெம்பரேச்சரை வருஷம் பூரா எழுதி வைக்கிறது எப்படி?

நீர்க்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். பக்கத்துல ஒரு ஆறு, கொஞ்சம் தள்ளி ஒரு ஏரி. சீசனுக்கு சீசன் தண்ணி சூடு எப்படி மாறுதுன்னு ஒரு வருஷமாவது விடாம குறிச்சு வைக்கணும்னு ஆசை. ஆனா தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்தா காலைல ஒரு நம்பர் சாயந்திரம் ஒரு நம்பர், கரையோரம் ஒண்ணு ரெண்டடி உள்ள போனா வேற, இதுல எதைன்னு எழுதுறது? சாட்டிலைட் டேட்டா சும்மாவே கிடைக்குதே, அது போதாதா?

கலங்கல்:
எல்லா நம்பரும் சரிதான், அதான் சிக்கலே. தண்ணி விடியக்காலைலதான் ரொம்ப குளிர்ந்து இருக்கும், உச்சி வெயில் தாண்டி பிற்பகல்லதான் அதிகபட்ச சூட்டுக்கு வரும், அதனால எத்தனை மணிக்கு எடுக்குறீங்கங்கிறதை விட எப்பவும் அதே மணிக்கு எடுக்குறீங்களாங்கிறதுதான் விஷயம். ஆத்துல நல்லா ஓட்டம் இருக்குற இடமா பாருங்க, தேங்கி நிக்கிற ஓரம், ஓடை வந்து சேர்ற இடம், ஊத்து கசியுற இடம் எல்லாம் வேணாம். மேல அணை இருந்து அடி மதகு வழியா திறந்தா நல்ல கோடையிலயும் தண்ணி சில்லுன்னு வரும், அதைப் பார்த்து சீசன் மாறிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

அடிமடை:
ஏரி கதையே வேற சார். வெயில் காலத்துல மேல் தண்ணி சூடாகி லேசாகி மேலயே நின்னுக்கும், அடித்தண்ணி அது பாட்டுக்கு குளிர்ச்சியா கிடக்கும், நடுவுல மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல சடசடன்னு இறங்குற அடுக்குதான் தெர்மோக்ளைன். மேல குளிர ஆரம்பிச்சு காத்தும் அடிச்சா எல்லாம் கலந்துடும், அப்போ அடியில ஆக்ஸிஜன் தீர்ந்துபோன தண்ணி மேல வந்து மீன் செத்து மிதக்குறதும் உண்டு. ஆழம் கம்மியான ஏரின்னா இந்த அடுக்கு நிலைக்காது, காத்தே கலக்கி விட்டுடும். அதனால கயித்துல மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு ஒவ்வொரு ஆழத்துலயும் எடுங்க.

சாட்டிலைட்டுக்கு தெரியறது மேல் தோல் மட்டும்தான், அதுவும் ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது. லேண்ட்சாட் 8, 9ன்னு ரெண்டு சாட்டிலைட் இருக்கு, ரெண்டையும் சேர்த்தா 8 நாளைக்கு ஒரு தடவை வரும், அன்னைக்கு மேகம் இருந்தா போச்சு. தெர்மல் சென்சார் பாக்குறது 100 மீட்டர் கட்டம், சின்ன ஆறுன்னா கரை மண்ணோட சூடும் அதுலயே சேர்ந்துடும். பெரிய ஏரிக்கு ஓகே.

நீர்க்காகம்:
சூப்பர், ரெண்டு பேருக்கும் நன்றி. தினமும் போக முடியாது, சென்சார் போட்டு விட்டுடலாமா?

தூண்டில்முள்:
தாராளமா. டிஎஸ்18பி20ங்கிற டெம்பரேச்சர் சென்சார் வச்ச வாட்டர்ப்ரூஃப் ப்ரோப் போதும், நிஜ சூட்டை விட அரை டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டும், சீசன் பாக்க அது தாங்கும். போடுறதுக்கு முன்னாடி நொறுக்குன ஐஸும் தண்ணியும் கலந்து அதுல வச்சு நல்லா கலக்குங்க, 0 காட்டணும், எவ்வளவு தள்ளிக் காட்டுதோ அதை நோட்ல எழுதி ஒவ்வொரு ரீடிங்லயும் கழிச்சுக்கோங்க. நேர் வெயில் பட்டா ப்ரோபே சூடாகி பொய் சொல்லும், சுத்தி ஓட்டை போட்ட வெள்ளை பிவிசி பைப்புக்குள்ள விட்டு கல்லோட கட்டுங்க. பாசி பிடிக்கும், அப்பப்போ தொடைக்கணும்.

இன்னொரு ப்ரோபை கரையில நிழல்ல காத்துல தொங்க விடுங்க. காத்து சூடு பகலுக்கும் ராத்திரிக்கும் தாவும், தண்ணி மெதுவாத்தான் அசையும். ரெண்டு கிராஃபும் திடீர்னு ஒரே மாதிரி குதிச்சா தண்ணி மட்டம் இறங்கி ப்ரோப் வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம், அந்த நாட்களோட ரீடிங்கை தூக்கிடுங்க.