பத்திர ஆபீஸ் வாசலில் படித்த நாவல்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து

பொங்கலுக்கு முந்தின வாரம் பத்திர ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனும் பத்திரம் எழுதுகிறவரும் உள்ளே டோக்கனுக்காக நின்றார்கள். என் பையில் ஆதார் அட்டை, இரண்டு போட்டோ, கிளை நூலகத்தில் எடுத்த ஒரு நாவல். முறை வர நேரமாகும் என்றார்கள். சரி, சும்மா இருப்பானேன் என்று நாவலைப் பிரித்தேன். அதுதான் வினை.

போடப் போன கையெழுத்து விடுதலைப் பத்திரத்துக்கு. நம் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். அப்பா போன பிறகு பெண்பிள்ளைகள் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கூடப்பிறந்தவனுக்கு எழுதிக் கொடுப்பது. எங்களுக்கு இருப்பது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அப்பா கடன் கட்டிக் கட்டிச் சொந்தமாக வாங்கிய நிலம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பாகம் வைத்தால் எனக்கு இரண்டு மா. 1956லேயே வந்த சட்டம் அது. எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்திருந்தோம்.

அம்மா கதை வேறு. அவளுக்குக் கல்யாணம் 1984ல். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று விட்டுவிட்டார்கள். 2005ல் மத்தியச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தடை போனது. ஆனால் அதற்குள் மாமாக்கள் பாகம் பிரித்துப் பதிவும் முடித்திருந்தார்கள். அம்மா இதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "தாய்மாமன் சீர் குறைவில்லாம வந்துச்சுல்ல" என்பாள்.

நாவலுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், எழுதியவர் இதைப் படித்தாலும் படிக்கலாம். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒருத்தியின் கதை. வீடே எதிர்த்தபோது அவளுக்காக நின்றவன் அண்ணன் ஒருத்தன்தான். இப்போது அவனுக்குத்தான் அவள் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்டவன் என்று கதையில் ஒருத்தரும் இல்லை. அவனுக்கும் கடன், அவளுக்கும் கடன். இப்போது வருகிற குடும்ப நாவல்களில் எனக்குப் பிடித்தது இந்த மாற்றம்தான். மாமியாரைக் கொடுமைக்காரியாக்கிக் கதையை நகர்த்துவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷம் பொங்கல் சீர் வரவில்லை. அவள் முதல் பஸ் ஏறிப் போய் இரண்டு கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வருகிறாள். தெரு எழுந்திருப்பதற்கு முன்னால் வாசல் நிலையில் சாத்தி வைக்கிறாள், அண்ணன் வந்து வைத்துவிட்டுப் போனது போல. கரும்பின் தோகை நிலைப்படிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒடிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள். சீராக வருகிற கரும்பைத் தோகையோடுதான் கொண்டு வருவார்கள் இல்லையா, அதனால் ஒடிக்காமல் விடுகிறாள்.

அந்த இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். "அறுவடை முடியட்டும்ண்ணே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அறுவடைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பத்திரம் எழுதுகிறவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பும்போது வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

நாவல் எனக்குத் தைரியம் கொடுத்தது என்று எழுதினால் பொய். பயத்தைத்தான் கூட்டியது. உங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கதை குறுக்கே வந்து நின்றிருக்கிறதா? எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

உங்கள் அளவுக்குக் கனமான அனுபவம் எனக்கு இல்லை. நான் புத்தகம் தொடுவதே இல்லை, எல்லாம் போனில்தான். தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் காலையில் ஒரு யூடி, திரும்பும்போது ஒரு யூடி. (தெரியாதவர்களுக்கு: தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்தை அப்படித்தான் சொல்வோம்.) நான் கருத்தே போடாத சைலன்ட் ரீடர். ஆனால் என் மாமியார் சைலன்ட் இல்லை.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போன் பார்க்கக் கூடாது என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். பொழுது போகட்டும் என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் படிப்பதையே உரக்கப் படித்துக் காட்டினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஆன்ட்டி ஹீரோ கதை. அவன் சந்தேகப்படுவான், கல்யாண மண்டபத்திலேயே அறைவான். முப்பதாவது அத்தியாயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்ததும் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பான், காலையில் காபி போட்டுக் கொண்டு வருவான். அவள் மன்னித்துவிடுவாள். கீழே நூறு பேர் இதயம் போட்டிருப்பார்கள். சொல்வதற்கென்ன, நானும் போட்டிருக்கிறேன்.

படித்து முடித்தேன். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அடிச்சவன் காபி போட்டுக் குடுத்தா சரியாப் போயிடுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க மாமா காபியும் போட்டதில்லை" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமா போட்டோவுக்குத் தினமும் பூ வைப்பவர் அவர். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "அடுத்த யூடி வியாழக்கிழமைதான் அத்தை" என்றேன். "வேற கதை இருந்தா படி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அதிலிருந்து கதையைத் தேர்ந்தெடுப்பது அவர்தான். ஒரு விதவைப் பெண் மறுமணம் செய்துகொள்வதா, பையனுக்காக இருந்துவிடுவதா என்று ஓடுகிற தொடர் இப்போது. பையனுக்காக இரு என்று வாசகர்கள் கீழே வரிந்துகட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். அத்தை என்னைக் கருத்து போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன்: 'பையன் இருபது வயசுல கிளம்பிருவான்மா.' என் பெயரில்தான் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து

நான் ஆண். ஓய்வுபெற்ற ஆசிரியர். இங்கே எழுதலாம்தானே?

என் மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு காரைக்காலில் இருந்தாள். இரண்டு வருஷம் நான் பேசவில்லை. ஒரு நண்பர் இமையம் எழுதிய 'செல்லாத பணம்' நாவலைக் கொடுத்தார். 2018ல் வந்து, 2020க்கான சாகித்திய அகாடமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த பெண், ஆட்டோ ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்புறம் உடம்பெல்லாம் வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். வெளியே பெற்றவர்கள். உள்ளே இருந்து ஏதாவது சேதி வருமா என்று நிற்கிறார்கள். நண்பர் என்ன நினைத்துக் கொடுத்தாரோ தெரியாது. 'பார், சொல் பேச்சுக் கேட்காவிட்டால் இப்படித்தான்' என்று நான் படிக்கவும் அதில் இடம் இருந்தது. முதல் நூறு பக்கம் அப்படித்தான் படித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு முடியவில்லை. அந்த அப்பா பணத்தோடு நிற்கிறார், அது எதற்கும் உதவாது. புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டு மகளுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தால் நம்பர் இல்லை. நான்தான் அழித்திருந்தேன். என் மனைவியிடம் கேட்டேன். அவள் பார்க்காமலே சொன்னாள், பத்து இலக்கமும். பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்கு நான் போகிற ஒவ்வொரு புதன்கிழமையும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பேத்திக்கு எட்டு மாதம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பேச வேண்டுமா, புருஷன் பேச்சைக் கேட்க வேண்டுமா என்று என் மனைவியும் தவித்திருப்பாள். அதை எழுதிய நாவல் இருந்தால் சொல்லுங்கள். அவளுக்கு வாங்கித் தர வேண்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். இரண்டு மா இருக்கிறவள் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாள். ஒரு குழி நிலம்கூட இல்லாதவள் எதை யோசிப்பாள் என்று எத்தனை நாவலில் வந்திருக்கிறது? நாங்கள் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் நடவு, நடவு இருந்தால்தான் கூலி. இந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் பெரிய முடிவு என்றால், பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் போவதா இல்லையா என்பதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு அந்த முடிவை எடுத்தவர்கள் என் தெருவிலேயே நாலு பேர். புது நாவல்களில் கூலிக்குப் போகிற பெண் வராமலில்லை. வந்தால் அவளுக்குக் காதல் ஒன்றுதான் பிரச்சினையாக இருக்கிறது.

புதியது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக்காரர் சு. தமிழ்ச்செல்வி எழுதிய 'அளம்' படியுங்கள். வேதாரண்யத்து உப்பளம். புருஷன் கப்பலேறிப் போய்விட, பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி காலம் தள்ளுகிற கதை. என் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஒரு மழை நாளில் முழுக் கதையையும் வாயால் சொன்னேன். உப்பு வாரினால் காலில் எங்கே எங்கே வெடிக்கும் என்று அத்தை எனக்குக் காட்டினாள், கதையை நிறுத்திவிட்டு. முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் புள்ளைவொளுக்கெல்லாம் நல்ல எடம் அமைஞ்சுதா?" நான் பதில் சொல்வதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

தஞ்சாவூரிலிருந்து

சின்னது ஒன்று. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலை நூலகத்தில் எடுத்தேன். தேவங்குடிக்காரர் எழுதியது, நம் ஊர்ச் சொத்து. அலங்காரத்தம்மாள் காசிக்குப் போகிற இடத்தில் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'அவள் ஏன் போக வேண்டும்?' அதற்குக் கீழே வேறு கையெழுத்து, நீல மை: 'செய்த தப்புக்கு.' அதற்கும் கீழே, பச்சை மையில், கொஞ்சம் நடுங்கிய எழுத்து: 'நான் போகவில்லை.'

புத்தகத்தில் எழுதுவது தப்பு என்று நினைக்கிறவள் நான். அன்றைக்கு அழிப்பானை எடுத்து வைத்துக்கொண்டு, அழிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுபடியும் மன்னார்குடி

எல்லாவற்றையும் படித்தேன். திருத்துறைப்பூண்டிக்காரர் சொன்னது சுருக்கென்று தைத்தது, தைக்க வேண்டியதுதான். கும்பகோணத்து அத்தைக்கு என் வணக்கம்.

பிறகு என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள், அரிசி, வெல்லம், எப்போதும் போல. தோகையோடுதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றதைப் பார்த்து, "என்ன, கரும்பு சரியில்லையா?" என்றான். பத்திரம் பற்றிப் பேசவில்லை. சம்பா அறுத்தாகிவிட்டது, கொள்முதல் நிலையத்தில் நெல்லும் போட்டாகிவிட்டது. இனிமேல் அறுவடையைச் சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் நூலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், புத்தகத் தேதி தாண்டிவிட்டது என்று. வீடு முழுக்கத் தேடினேன், இல்லை. அம்மா வீட்டில் விட்டிருப்பேன் என்று போனால், கொல்லைப்புறத் திண்ணையில் அண்ணி உட்கார்ந்திருந்தார், மடியில் முறம், முறத்துக்கு அடியில் நாவல். அண்ணி சினிமாப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. பொங்கலன்று நான் பையைத் திறந்து வைத்துவிட்டுப் போனபோது எடுத்திருக்கிறார்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்றேன்.

"கரும்பு வாங்கி வைக்கிறா." முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "நானும் எங்க அண்ணனுக்குப் போட்டுக் குடுத்துட்டுதான் வந்தேன் பாப்பா. ரெண்டு வருஷம் சீர் வந்துச்சு."

எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. தேதி தாண்டிவிட்டது, அபராதம் போடுவார்கள் என்றேன்.

"போடட்டும், நான் தர்றேன். இன்னும் நாப்பது பக்கம் இருக்கு," என்றார் அண்ணி. "உங்க அண்ணங்கிட்ட சொல்லாத."