மேல்மாடியில் நடுக்கம், கீழ்மாடியில் புழுக்கம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஆறு மாடிக் குடியிருப்பில், வெந்நீரைக் குழாய்களில் அனுப்பி அறைகளைச் சூடாக்க ஒரே பாய்லர்தான். கீழ்மாடியில் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். மேல்மாடியில் எங்கள் ரேடியேட்டரில் (அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டில்) கை வைத்தால் லேசான வெதுவெதுப்புதான். உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றியும் பார்த்தாயிற்று. அம்மா ராத்திரியெல்லாம் கம்பளிக்குள் நடுங்குகிறார்.

பெரிய பம்ப் போடலாம் என்கிறது சங்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில் ஒவ்வொரு குழாயிலும் நீரோட்டத்தைச் சமன்செய்து, ரேடியேட்டர்களில் அறைச் சூட்டுக்கேற்பத் தானாகவே நீரோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு பொருத்த வேண்டும் என்பது என் எண்ணம். அப்புறம், இது கண்டென்சிங் பாய்லர். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவியின் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். இங்கே 65-ல் திரும்புகிறது!

இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் இருக்கிறீர்களா? கீழ்மாடிக்காரர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அடுத்த வாரம் சங்கக் கூட்டம். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.