மறுமொழி: லைஃப்போட்டுக்குத் தமிழில் ஒரு சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> உயிர்காப்புப் படகு என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அதையே எழுதிவிட்டுப் போகலாமே. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

எழுதிவிட்டுப் போகலாம்தான் தம்பி. செய்தித்தாளுக்கு அது போதும். நாங்கள் திருகோணமலையில் கடல் மீட்பு பற்றி ஒரு சின்னப் படக்கண்காட்சி வைக்கப்போகிறோம். அதற்கு விளக்க அட்டை எழுத உட்கார்ந்தால் முதல் இரண்டு அட்டையிலேயே சிக்கல் வந்துவிட்டது. ஒன்று டைட்டானிக்கின் விலாவில் தொங்கும் படகு. மற்றது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ரெட்கார் என்ற ஊரில் இருக்கும் ஸெட்லண்ட் என்ற பழைய படகு. ஆங்கிலத்தில் இரண்டுமே லைஃப்போட். இரண்டுக்கும் உயிர்காப்புப் படகு என்று எழுதி ஒட்டினால், ஸெட்லண்ட் எந்தக் கப்பலில் இருந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும். அது எந்தக் கப்பலிலும் இருந்ததில்லை. கரையில் கிடந்தது. கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் ஊர் ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்று நாம் தப்பி ஓடுகிற படகு. மற்றது நம்மைத் தேடி வருகிற படகு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டது. அந்தக் குழப்பத்தையும் நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

முதல் வகையை விளக்க அதிகம் மினக்கெடத் தேவையில்லை. சீனன்குடாப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் பின்பக்கத்தில் மூடி போட்ட செம்மஞ்சள் படகு தெரிந்திருக்கும். அதுதான். டைட்டானிக்கில் 20 உயிர்காப்புப் படகுகள் இருந்தன, 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்களோ 2,200க்கு மேல். அந்தக் கணக்கு உலகத்தை உலுக்கித்தான் 1914இல் சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடல் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. இதற்கு உயிர்காப்புப் படகு என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. உயிர்காப்பு அங்கி, உயிர்காப்பு வளையம், உயிர்காப்புப் படகு, எல்லாம் கப்பலோடு கூடவே வருபவை. ஆபத்து வந்தால் எடுத்துப் பயன்படுத்த வேண்டியவை. ஒரே குடும்பம்.

இரண்டாவது வகைதான் நமக்குப் பழக்கமில்லாதது. மிடில்ஸ்பரோவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் இருக்கிறது என்று ரெட்காருக்குக் கூட்டிப்போனாள். கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கட்டடம். 1877இல் வேறொரு மீட்புப் படகை வைக்கக் கட்டியது, இப்போது ஸெட்லண்ட் அருங்காட்சியகம். தொண்டர்களே நடத்துகிறார்கள். உள்ளே போனதும் படகுதான், சுற்றிவரக் கொஞ்சம் இடம். 1802இல் சவுத் ஷீல்ட்ஸில் ஹென்றி கிரேட்ஹெட் கட்டியது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மீட்புப் படகுகளில் இதுதான் மிகப் பழையது. 30 அடி நீளம், 10 அடி அகலம். 1880 வரை வேலை செய்து 500க்கு மேற்பட்ட உயிர்களைக் கரைசேர்த்திருக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது அதன் முனையில். எது அணியம், எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு முனையும் ஒரேமாதிரிக் கூராக மேலே எழும்பி நிற்கின்றன. அடிப்பக்கம் வில் போல வளைந்திருக்கிறது. சுக்கான் இல்லை. எந்த முனையிலும் ஒரு நீளத் தண்டை, அதாவது துடுப்பைப் போட்டுத் திசை திருப்பலாம். ஏன் இப்படி என்று நிலாவெளியிலோ உப்புவெளியிலோ வாடைக் காலத்தில் வள்ளம் தள்ளியவர்களிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். உடையும் அலைக்குள் வள்ளத்தைத் திருப்பப் போனால் அலைக்கு விலா காட்ட வேண்டும். விலா காட்டினால் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான். ஸெட்லண்ட் திரும்ப வேண்டியதே இல்லை. தண்டு வலிப்பவர்கள் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தால் போதும், பின்பக்கம் அணியமாகிவிடும். அத்தோடு கிரேட்ஹெட்டின் படகுகளில் விளிம்பை ஒட்டித் தக்கை கட்டியிருந்தார்கள். தண்ணீர் நிரம்பினாலும் தாழாது.

இதன் பின்னால் உள்ள கதையையும் சொல்லிவிடுகிறேன், அட்டையில் வரப்போகிறது. 1789இல் டைன் ஆற்று வாயில் அட்வென்ச்சர் என்ற கப்பல் தரைதட்டியது. கரையில் நின்ற ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டிருக்கவே மாலுமிகள் ஒவ்வொருவராகக் கடலில் விழுந்தார்கள். போக ஒருவருக்கும் முடியவில்லை. அதன் பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் பரிசு அறிவித்துப் படகு மாதிரிகள் கேட்டார்கள். கிரேட்ஹெட்டின் படகு அதிலிருந்து பிறந்தது. 1824இல் வில்லியம் ஹில்லரி இதை நாடு தழுவிய சங்கமாக்கினார். ஆர்.என்.எல்.ஐ. என்று இன்றைக்கும் நன்கொடையில்தான் ஓடுகிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தொண்டர்கள். அரச திணைக்களம் இல்லை. இதைச் சொல்லும்போது நம் ஆட்கள் நம்பமாட்டார்கள், பரவாயில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். இதுவரை வந்தவை:

> மீட்புப் படகு

எனக்கும் முதலில் வாயில் வந்தது இதுதான். மேலே நானே எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஆனால் சோலாஸ் விதிப்படி கப்பலில் உயிர்காப்புப் படகைத் தவிர இன்னொரு சிறு படகும் இருக்க வேண்டும். ஆள் கடலில் விழுந்தால் தூக்க. குறைந்தது 5 பேர் உட்காரவும் ஒருவர் படுக்கவும் இடம் வேண்டும் என்பது விதி. அதற்கு ஆங்கிலப் பெயர் அப்படியே மீட்புப் படகுதான். அதற்குரிய சொல்லை நாம் எடுத்துவிட்டால் நாளைக்குக் கப்பல்துறைப் பாடநூல் எழுதுகிறவர் நம்மைத் திட்டுவார்.

> கரைமீட்புப் படகு

கரையிலிருந்து போவதால் கரை. கரைவலை இருக்கிறதே என்று மட்டக்களப்பு அக்கா எழுதியிருந்தார். சொல்லின் கட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் மீட்பு என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் இடப்பெயர் வந்தால் காது வேறு எதையோ கேட்கும். காணி மீட்பு, நில மீட்பு, இப்போது கரை மீட்பு. கண்காட்சிக்கு வருகிற பாதிப் பேர் மகஜரில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைப்பார்கள்.

என் முன்மொழிவு: மீட்பு வள்ளம்.

படகு என்பது பொதுச்சொல். வள்ளம் என்றால் எங்கள் கரையில் அது மணலில் கிடப்பது, ஊராருடையது, நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளுவது. கப்பலில் தொங்குவதை இங்கே ஒருவரும் வள்ளம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே விளக்கம் இல்லாமலே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. கப்பலோடு வருவது உயிர்காப்புப் படகு, கப்பலிலிருந்து ஆள் தூக்குவது மீட்புப் படகு, கரையிலிருந்து போவது மீட்பு வள்ளம்.

மற்றச் சொற்களை வேகமாகப் பார்ப்போம். மீட்பு வள்ளத்தை நடத்துகிறவருக்கு ஆங்கிலத்தில் காக்ஸ்வெய்ன். தலைவர், மாலுமி எல்லாம் வேண்டாம், தண்டையல் என்று எழுதுகிறேன். 1938இல் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போன கதையைச் சொல்கிறவர்கள் அதை நடத்தியவரை இன்றும் தண்டையல் என்றுதான் சொல்கிறார்கள். இருக்கிற சொல்லை விட்டுப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. குரோமர் ஊரின் தண்டையல் ஹென்றி பிளாக் என்று வாசித்துப் பாருங்கள், நன்றாக நிற்கிறது. 873 உயிர்களை மீட்ட அந்த மனிதருக்கு நீந்தத் தெரியாது.

தக்கை அங்கியில் பிரச்சினை இல்லை. 1861இல் விட்பியில் மீட்பு வள்ளம் கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தபோது மிஞ்சிய ஹென்றி ஃபிரீமன் மட்டும்தான் அதைப் போட்டிருந்தார். கயிற்றில் தொங்கி வரும் வளையத்துக்குக் கீழே கித்தானில் காற்சட்டை தைத்திருப்பார்களே, கரையிலிருந்து ராக்கெட்டால் கயிறு எய்து ஆளை இழுப்பது, அதற்குக் களிசான் மிதவை. சிரிக்க வேண்டாம். ஆங்கிலத்திலும் அதன் பெயர் அவ்வளவுதான்.

கடைசியாக, கவிழ்ந்தாலும் தானாக நிமிரும் படகு. இதற்குக் கவிழ்ந்தெழு வள்ளம் என்று நினைக்கிறேன். தன்னிமிர், சுயநிமிர்வு என்றெல்லாம் வந்திருக்கிறது. எனக்கு அவை கலைச்சொல் தொகுதியிலிருந்து நேரே இறங்கி வந்தவை போல இருக்கின்றன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

அன்புள்ள பிள்ளைக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் கப்பலில் கிடந்தவன் என்பதால் சொல்கிறேன். உயிர்காப்புப் படகையும் மீட்புப் படகையும் பிரித்தது சரி. தண்டையல் சொல்லுக்கு இரண்டு கையையும் உயர்த்துகிறேன்.

வள்ளத்தில்தான் எனக்கு ஒரு தயக்கம். ஸெட்லண்டுக்குப் பொருந்தும். இன்றைக்கு ஆர்.என்.எல்.ஐ. வைத்திருக்கும் செவர்ன் வகை 17 மீற்றருக்கு மேல் நீளம், இரண்டு இன்ஜின், 25 நொட் வேகம். அதை வள்ளம் என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குச் சிறு ஓடம்தான் மனதில் வரும். இருநூறு வருடக் கதை முழுவதுக்கும் ஒரே சொல் வேண்டும் என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது கவிழ்ந்தெழு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது நடப்பதைச் சொல்கிறது, கட்டுமானத்தைச் சொல்லவில்லை. இந்தப் படகு எப்படி நிமிர்கிறது? 1851இல் ஜேம்ஸ் பீச்சிங் பரிசு வாங்கிய வடிவத்தைப் பாருங்கள். இரண்டு முனையிலும் உயரமாகக் காற்றுப் பெட்டி, அடியில் கனத்த இரும்பு. தலைகீழானால் படகு அந்த இரண்டு பெட்டியின் மேல்தான் மிதக்கும், பாரம் முழுவதும் மேலே வந்துவிடும். அப்படியே நிற்க முடியாது, உருண்டு நிமிரும். உள்ளே புகுந்த தண்ணீர் குழாய் வழியே வடியும். எங்கள் பைபர் வள்ளங்களில் நுரை அடைத்திருப்பதால் கவிழ்ந்தாலும் தாழாது, ஆனால் கவிழ்ந்தபடியே மிதக்கும், ஆட்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மிதப்பு வேறு, நிமிர்வு வேறு. ஆகவே சொல்லில் நிமிர்வு வர வேண்டும்.

இன்னொன்று. 1886 டிசம்பரில் மெக்சிகோ என்ற கப்பலை மீட்கப் போன சவுத்போர்ட் படகு எலைசா ஃபெர்ன்லி கவிழ்ந்தது, நிமிரவில்லை. அதே கப்பலை மீட்கச் செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு படகிலுமாக இறந்தவர்கள் 27 பேர். எலைசா ஃபெர்ன்லி நிமிரும் வகையைச் சேர்ந்ததுதான். அந்தப் படத்துக்குக் கீழே கவிழ்ந்தெழு வள்ளம் என்று எழுத உங்களுக்குக் கை வருமா?

—

ஐயா,

கை வராது. நிமிர்வு வள்ளம் என்று வைத்துக்கொள்கிறேன். தன், சுயம் எதுவும் முன்னால் வேண்டாம். வேறு யார் வந்து நிமிர்த்தப் போகிறார்கள்? பாரந்தூக்கியால் கவிழ்த்துப் பார்க்கிறார்களே, அதற்கும் நிமிர்வுச் சோதனை என்று தொடர்ந்து எழுதலாம். கவிழ்ந்தெழு என்பதைப் பிள்ளைகளுக்கான பக்கத்தில் மட்டும், வினையாக, ஒரு வாக்கியத்துக்குள் விடுகிறேன். சொல்லாக வைக்கவில்லை. மெக்சிகோ அட்டையில் நிமிர்வு வள்ளமாக இருந்தும் நிமிரவில்லை என்று நேரடியாகவே எழுதுகிறேன். மற்றொரு படகு போய் மெக்சிகோவின் 12 பேரையும் காப்பாற்றியதும் அதே அட்டையில் வரும்.

வள்ளத்தை மட்டும் விடமாட்டேன். 25 நொட்டில் போனாலும் அது கரையில் ஓர் ஊருக்குச் சொந்தமாக நின்று, கூப்பிட்டால் போகிறது. அளவை வைத்துப் பெயர் வைத்தால் பெரிதாகும்தோறும் பெயர் மாற்ற வேண்டும். இங்கே முன்பு இரண்டு தண்டு போட்டு வலித்ததும் வள்ளம், இப்போது இன்ஜின் பூட்டிப் பாய்வதும் வள்ளம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இடிக்கிறது என்றால் அவர்கள் தங்கள் கரைச் சொல் எது என்று எழுதட்டும், அடைப்புக்குறி இல்லாமல் பக்கத்தில் போடுகிறேன்.

கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் ஆட்களை ஏற்றிப்போன பாதை கவிழ்ந்ததையும் இதில் சேர்க்க வேண்டும் என்று கிண்ணியாவிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கிறேன். அங்கே கவிழ்ந்ததைப் பாதை என்றே எழுதுவேன், படகு என்று மாற்றமாட்டேன். வெளியூர் ஆட்களுக்கு மட்டும், தண்ணீரைக் கடக்கும் மிதவை என்று ஒரு வரி. அங்கு உடனே தண்ணீரில் குதித்தவர்கள் அக்கம்பக்கத்துச் சனம். அவர்களுக்கு மீட்பாளர் என்ற சொல்லையே வைக்கிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.