மியூசிக்கல் தியேட்டர்: பி.ஏ.யிலிருந்து பி.எஃப்.ஏ.வுக்கு மாறலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டர் (பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் சேர்ந்த நாடகம்) பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். தனிக்குரல் பயிற்சி வாரத்துக்கு அரை மணிதான், டேப் நடனம் (ஷூவால் தரையைத் தட்டித் தாளம் போடும் நடனம்) கிடையவே கிடையாது. பி.எஃப்.ஏ. (மேடைப் பயிற்சிக்கே அதிக இடம் தரும் நுண்கலைப் பட்டம்) உள்ள வேறு கல்லூரிக்குப் போனால் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ப்பார்களா?

பதில்: பெரும்பாலும் மாட்டார்கள். ஆங்கிலம், வரலாறு மாதிரி பொதுப்பாட கிரெடிட்டுகள் (முடித்த பாடங்களுக்கான கணக்கு) வழக்கமாகக் கூடவே வரும். நடிப்பு, நடனம், குரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டுடியோ பாடங்கள். ஒரே குழு நாலு வருடமும் சேர்ந்தே போகும். நடுவில் நுழைக்க மாட்டார்கள். இப்படி மாறியபோது நானும் முதலாண்டிலிருந்துதான் தொடங்கினேன். பொதுப்பாடம் முடிந்திருந்ததால் காலையில் பியானோவோடு உட்கார நேரம் கிடைத்தது, அது பெரிய லாபம். ஆனால் ஒரு வருடக் கட்டணம் கூடும். வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: சரி, ஆடிஷன் மறுபடியுமா?

பதில்: கண்டிப்பாக. பல இடங்களில் முதலில் பிரீஸ்கிரீன் வீடியோ (முதல் கட்டத் தேர்வுக்குப் பதிவு செய்து அனுப்புவது), அப்புறம்தான் நேரில். வழக்கமாக வெட்டிச் சுருக்கிய இரண்டு பாட்டு, ஒரு மோனோலாக் (ஒருவரே பேசி நடிக்கும் வசனம்). பியானோ வாசிப்பவருக்குக் கொடுக்கும் தாளில் தொடக்கம், முடிவு, வெட்டியதால் தாவும் இடம் எல்லாவற்றையும் பளிச்சென்று குறியுங்கள். வேகத்தைச் சொல்ல ஓரிரு வரி மெல்லப் பாடிக் காட்டுங்கள். அவர் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்குவது மரியாதை இல்லை; நடுவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வேறொருவர்: டேப் மட்டும்தான் குறையென்றால் மாறவே வேண்டாம், வெளியே கற்றுக்கொள்ளலாம். குரல் பயிற்சிதான் யோசிக்க வேண்டியது. எதுவானாலும் இப்போதைய ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், பரிந்துரைக் கடிதத்துக்கு அவரிடம்தான் போய் நிற்கணும்.