மறு: மறு: பாட்டு நடுவில் தாளம் மாறினால் என்ன பேர்?

குழுவுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். கார்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பேரை எழுதிக் கொடுத்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானே வாசிக்கும் மென்பொருள் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ப் பயிற்சித்தாள் வேண்டும். ஒரே பாட்டில் சில பார் (bar, ஒரு தாளச் சுற்று) 4 அடி, சில பார் 3 அடி எனக் கலப்பதை எப்படிச் சொல்வது? ஒரு பாருக்கு எத்தனை அடி என்று குறிக்கும் 'time signature'ஐ மொழிபெயர்ப்புக் கருவி 'நேரக் கையொப்பம்' என்கிறது. பிள்ளைகள் வருகைப்பதிவேடு என்று நினைத்துவிடுவார்கள்.

---
டீச்சருக்கு: தாளமயக்கம். திணைமயக்கம், மெய்ம்மயக்கம் போல மயக்கம் என்றால் கலப்பு. இன்னும் நுட்பமாக வேண்டுமா? வெண்பாவில் தொடங்கி ஆசிரியப்பாவில் முடிவது மருட்பா. அதன் வழியில் மருட்டாளம். 'தாளம்'கூட வேண்டாமென்றால் அதற்குப் பழைய சொல் 'தூக்கு' இருக்கிறது; செந்தூக்கு முதல் நெடுந்தூக்கு வரை ஏழு.

---
புலவர் ஐயா, எங்கள் ஊர் நகரியில் தூக்கு என்றால் சோற்று வாளி. மருட்டாளமோ மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. முன்னே ஒருவர் சொன்ன 'நடைமாற்றம்' தப்பு. நடை மாறினாலும் ஆதி தாளத்தின் 8 அடி அப்படியேதான். ஒவ்வோர் அடிக்குள்ளும் 4 என்பது 3 ஆகும், 5 ஆகும். இங்கே மாறுவது அடிக்கணக்கு. தாளமாலிகை என்று கச்சேரிக்காரர்கள் சொல்வது போதாதா? நான் மிருதங்கம் வாசிப்பவன், அவ்வளவுதான்.

---
அண்ணா, மாலிகை என்றால் தொடுத்தது. நேற்று போட்டுப் பார்த்தேன். 4 அடி ஸ்டைலில் ஐந்தாம் பாருக்கு 3 என்று கொடுத்தால், மென்பொருள் 3 அடிக்குப் புதிதாக ஒன்றும் வாசிப்பதில்லை. நாலாவது அடியை வெட்டிவிடுகிறது. அங்கே விழ வேண்டிய ஸ்நேர் டிரம் அடி காணோம். அடுத்த பாரின் கிக் (பெரிய டிரம் அடி) முட்டிக்கொண்டு வருகிறது. மாலை இல்லை, பூவைக் கிள்ளின கதை.

செண்டை பழகும் பையன் ஒருவன் கேட்டான்: "பஞ்சாரி மேளத்துல அடிக்கணக்கு 96, 48, 24, 12, 6ன்னு குறையுதே, அதுவா டீச்சர்?" இல்லை, அது ஒரே தாளம் பாதி பாதியாகச் சுருங்குவது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

---
குறுக்கிடுகிறேன். டிரம்ஸ் 3, பேஸ் 4 என்று ஒரே சமயத்தில் ஓடினால்? 12 அடி கழித்துத்தான் இரண்டுக்கும் ஒன்று சேர்ந்து விழும். 'தாளமயக்கம்' அதற்குத்தான் பொருத்தம். அடுத்தடுத்து மாறுவதற்கு வேறு சொல் வையுங்கள்.

---
சரி, ஐந்து பேர் 'தாள மாற்றம்' என்றீர்கள். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம், பட்டனில் 'மாற்று' மட்டும்தான் அடங்கியது.

---
குறளில் 'மாற்றம்' என்றால் மறுமொழி. தாளம் யாருக்கு மறுமொழி சொல்கிறது? என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'தூக்கு' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.