கரப்பான் பூச்சிக்கு ஏன் அந்தப் பேரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி தண்ணி குடிக்க கிச்சன் லைட்டைப் போட்டேன், ஸ்டவ் மேல நின்ன கரப்பான் ஒண்ணு அடுத்த நொடி பர்னருக்கு அடியில பூந்துடுச்சு, மீசை மட்டும் வெளிய ஆடிட்டே இருக்கு. பக்கத்துல நின்ன என் பொண்ணு "ஏம்மா இதுக்கு கரப்பான்னு பேரு?"ன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

கரத்தல்னா ஒளிச்சு வைக்கிறது, ஒளியுறது. "காக்கை கரவா கரைந்துண்ணும்"னு குறள்லயே வருது இல்லையா, அப்போ ஒளிஞ்சுக்குறதால கரப்பான்னு எனக்குத் தோணுது, அது ஓடி ஒளிஞ்சதைப் பாத்தா பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா தோல்ல அரிப்பும் தடிப்புமா வர்ற நோயும் கரப்பான்தானே? எங்க பாட்டி கத்திரிக்காயையும் கருவாட்டையும் "கரப்பான் பண்டம், புண்ணு இருக்கும்போது தொடாத"ன்னு தள்ளி வைப்பாங்க. பூச்சியால நோய்க்கு பேரு வந்துச்சா, நோயால பூச்சிக்கா, இல்ல ரெண்டும் வேற வேற வேரா?

தெக்கத்தி பக்கம் பாச்சைன்னு சொல்றாங்க, மலையாளத்துல பாற்ற. இதுங்க ரெண்டும் ஒரே சொல்லா? பழைய அகராதி வச்சிருக்கவங்க கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன், உங்க ஊர்ல என்ன பேருன்னும் போடுங்க, பொண்ணு தினமும் கேக்குறா.